ஏழாம் எண் தொட்டில்

மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறும்போதே
சுலைகா சட்டம் போட்டுவிட்டாள்:
"அந்தக் காலத்துல" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது.
ஆரம்பித்தால் தலைக்கு ஒரு டீ அபராதம்.
தேவனாம்பட்டினம் சாலை திரும்புவதற்குள்
எட்வின் நான்கு டீ கடன்பட்டிருந்தான்.

வாசல் வளைவு மாறியிருக்கிறது.
'கடல்முத்து கேளிக்கைப் பூங்கா'வில்
முத்து மட்டும் மிச்சம்,
அதுவும் சாய்ந்த எழுத்தில்.
மஞ்சள் சீட்டைக் கிழித்து
பாதியை உள்ளங்கையில் அழுத்தித் தரும்
தண்டபாணி அண்ணன் இல்லை.
மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டினார்கள்,
பிரசவ வார்டில் குழந்தைக்கு மாட்டுவது மாதிரி.

ஒற்றைக்கண் டிராகன் ரயில்
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
மறுகண் வைத்து பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.
இரண்டு கண்ணாலும் பார்த்தது.
எங்களைத் தெரியவில்லை அதற்கு.

பேய்வீடு போய்விட்டது.
எலும்புக்கூட்டை ஆட்டும் நைலான் கயிறு
இரண்டாம் தடவையே எங்கள் கண்ணில் பட்டுவிட்டது.
பிறகும் பதினேழு வருசம் அலறினோம்,
இருட்டில் நின்று அதை இழுக்கிறவருக்கு
மரியாதையாக.
இப்போது முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்தபடி பயப்பட வேண்டும்.
யாருக்காக அலறுவது என்று தெரியாமல்
தேசிங்கு கொட்டாவி விட்டான்.

குறையே சொன்னால் நாக்கு அழுகும்.
கழிப்பறை சுத்தம். தாழ்ப்பாள் இருக்கிறது.
குழாயைத் திறந்தால் தண்ணீர்.
புகார்ப் பெட்டியில் நானும் சுலைகாவும்
வருசா வருசம் போட்ட காகிதத்தை
யாரோ கடைசியில் படித்திருக்க வேண்டும்.
"இதுக்காகவே மன்னிக்கலாம்டி" என்றாள்
கைகழுவிக்கொண்டே,
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.

தானே புயலன்று
ராட்டினம் தானே சுற்றியது என்பார்கள்,
ஆளில்லாமல், கரண்ட் இல்லாமல், விடிய விடிய.
அச்சு கோணியது. நிமிர்த்தினார்கள்.
அதற்குப் பிறகு ஏழாம் எண் தொட்டில் மட்டும்
உச்சிக்குப் போனதும் கீச்சென்று கத்தும்.
வரிசையில் மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு
ஏழு வரட்டும் என்று நிற்போம்.

அந்த ராட்டினமும் இல்லை.
நின்ற இடத்தில் புதிது, இருமடங்கு உயரம்,
ஏசி போட்ட கூண்டு,
மருந்துக்கும் சத்தம் இல்லை.
ஏறுமிடத்தில் ஒரு பலகை.
பத்து வயதில் இதே போன்ற ஒரு பலகை முன்
நான்கடிக் கோட்டைத் தலை தொட
குதிகால் தூக்கி நின்றவள் நான்.
இந்தப் பலகை
ரத்தக்கொதிப்பு உண்டா என்று கேட்கிறது.
அன்று குதிகாலால் சொன்ன பொய்யை
இன்று வாயால் சொன்னேன்.

மேலே போனோம்.
சொல்லத்தான் வேண்டும்:
இவ்வளவு கடலை நாங்கள் பார்த்ததே இல்லை.
கெடிலம் போய் விழுகிற முகத்துவாரம்,
துறைமுகத்தில் முட்டி நிற்கும் படகுகள்,
சிப்காட் புகையும்கூட
அந்த உயரத்தில் யாரையும் இருமவைக்காத புகை.
எட்வின் பேச்சை நிறுத்தியிருந்தான்.
எனக்குத் தொண்டை அடைத்தது,
பிடித்துப்போய்விட்டதே என்று.

அப்போதுதான் தேசிங்கு கீழே காட்டினான்.
உணவுக்கூடத்துக்குப் பின்னால், சவுக்கு ஓரமாக,
கவிழ்த்துப் போட்ட பழைய தொட்டில்கள்.
எண்ணி முடிப்பதற்குள் கூண்டு இறங்கிவிட்டது.
ஒரு பையனைக் கெஞ்சி இன்னொரு சுற்று வாங்கி
மறுபடி எண்ணினோம்.
பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்றுதான்.

ஏழுதான் இல்லை என்று எப்படி முடிவுசெய்தோம்,
தெரியாது. நால்வருக்கும் சந்தேகமே இல்லை.
இரும்புக்கடைக்குப் போயிருக்கும் என்கிறான் எட்வின்.
தண்டபாணி அண்ணன் கேட்டு வாங்கிப்போய்
கோழி அடைக்கிறாரோ என்னவோ என்கிறாள் சுலைகா.
"இனிமே வரக் கூடாதுப்பா, எண்ணூறு ரூபாய்" என்று
தேசிங்கு வழக்கம்போல முடித்துவைத்தான்,
தொகையை மட்டும் மாற்றி.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி அபராதக் கணக்குப் பார்த்தோம்.
எட்வினுக்குப் பத்தொன்பது.
சட்டம் போட்ட சுலைகாவுக்குப் பதினாறு.
என் கணக்கைக் கேட்காதீர்கள்,
இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.