செம்பொட்டல், சர்வே எண் 212

ஆடு விழுந்ததால்தான் இந்தக் குழி எனக்குத் தெரியும்.
மனு போட்டவர் ராக்கம்மாள், கீழப்பொட்டல்.
ஆட்டின் நிறம், சினை மாதம், சந்தை விலை
எல்லாம் எழுதியிருந்தார்.
குழி யாருடையது என்ற இடத்தில்
ஒரு கோடு மட்டும்.

கானாடுகாத்தானுக்குத் தெற்கே பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து
இரண்டு மைல் கருவேலம்.
காலடியில் சொறிக்கல்.
மழை லட்சக்கணக்கான வருஷம் வந்து வந்து
கரைகிறதையெல்லாம் கரைத்துக்கொண்டு
தூக்க முடியாத இரும்பை விட்டுப்போன மிச்சம்.
துளைத்துளையாய், சிவப்பாய்.
செம்புராங்கல் என்றும் சொல்வார்கள்.
அந்தச் சொல்லின் முதல் பாதியை நம்பி
ஒருவர் பணம் போட்டார்.

மொல்மீனுக்குக் கொண்டுவிக்கப் போய்
மூன்று வருஷக் கணக்கை முடித்துத் திரும்பிய சாத்தப்பன்.
நெல் விலை விழுந்த வருஷம்.
கூட்டாளி தொடுத்த வழக்கில் அவர் பேரேடு
சான்று ஏழு.
தேவகோட்டைக் கோர்ட்டு முத்திரையோடு
என் கோப்புக்குள் எப்படியோ வந்து கிடந்தது.

தலையில் சிவமயம்.
வரவில் பிள்ளையார் பங்கு, ரூபாய் ஒன்று.
அதற்கப்புறம் பக்கம் பக்கமாகப் பற்று.
வடக்கயிறு. வெடிமருந்து. கடப்பாரை கூர் தீட்ட.
வெட்டு ஆள் எட்டு, தலைக்கு ஆறணா.
ஆடி பதினொன்று: வேலுவன் காலுக்கு எண்ணெய், இரண்டணா.
ஆடி பதினைந்து: வெட்டு ஆள் ஏழு.
நடுவில் மூன்று நாளும்
எழுத்து ஒரே மாதிரி அழகாக இருக்கிறது.

பதினெட்டு அடி வரை சொறிக்கல்.
கீழே வெள்ளைக் களி, விரலில் மாவாய் ஒட்டுவது,
அதுவும் ஒரு காலத்தில் பாறைதான்.
ஐம்பதில் கருங்கல்.
ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்
மலைகளுக்கு அடியில் வெந்தது.
மலைகள் போய்விட்டன.
இங்கே நிறுத்தியிருக்க வேண்டும் யாரும்.

டார்ச்சை இறக்கினேன்.
ஐம்பத்தாறாவது அடியில்
வெங்கச்சங்கல் நரம்பு ஒன்று, கட்டைவிரல் அகலம்,
அதன் ஓரத்தில் பச்சை.
கிளிப்பச்சை இல்லை, பாசியும் இல்லை,
கோயில் குத்துவிளக்கை ஆறு மாதம் துலக்காமல் விட்டால்
திரியடியில் படியுமே, அது.

ஊர்ப்பேர் பொய் சொல்லியிருந்தது.
மேலே இருந்ததெல்லாம் இரும்பு.
ஆனால் பொய்யை நம்பித் தோண்டியவர் காலடியில்
நிஜமாகவே செம்பு இருந்தது,
விரிசலில் ஏறிய கொதிநீர் வைத்துவிட்டு மறந்தது,
அந்தப் பேருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல்.

மெட்ராஸிலிருந்து வந்த சோதனைத் தாள் இரண்டு வரி:
உலோகம் உண்டு.
லாபத்துக்குப் போதாது.

கன்னாரிடம் உருக்கிப் பார்த்திருக்கிறார்கள்.
பதினோராயிரம் ரூபாய் போட்ட சுரங்கத்தின் மொத்த மகசூல்
சான்று ஒன்பது:
செம்பில் அடித்த செம்பு ஒன்று, வாய் சற்று நெளிந்தது.
வழக்கு முடிந்து
இரு தரப்பும் அதைத் திரும்பக் கேட்கவில்லை என்று
குமாஸ்தா குறித்திருக்கிறார்.

பேரேட்டில் ஆழம் எண்பத்துமூன்று.
என் கயிறு அறுபத்தொன்றில் நனைந்தது.
மீதி இருபத்திரண்டு அடியில் என்ன என்று
படிவத்தில் கட்டம் இல்லை.
தண்ணீர் என்று போட்டேன்.
கம்பிவேலி, பலகை ஒன்று என்று பரிந்துரைத்தேன்.

ராக்கம்மாள் அதுவரை
சூராம்புதருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்.
கயிற்றைச் சுற்றி முடிக்கும்போது கேட்டார்:
"ஆட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

கயிற்றின் ஈரம் உள்ளங்கையில் இருந்தது.
நான் பேனாவைத் திறந்தேன்,
எங்கே எழுதுவதென்று தெரியாமல்
பேரேட்டின் பற்றுப் பக்கம் ஞாபகம் வந்தது.