துரு

வல்திவியாவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
ஆறரைக்கு எழுந்து, முழந்தாளிட்டு,
முந்தாநாள் துவைத்த சட்டையை
அடுப்புக்கு மேலே கொடியில் தடவிப் பார்த்து
ஈரத்தோடே மாட்டிக்கொள்கிறேன்.
டை, இளைக்கும் நாயின் நாக்குபோலத் தொங்குகிறது.

நெஞ்சில் கறுப்புப் பட்டை:
மூப்பர் லாஃப்ட்ஹவுஸ்.
மூப்பருக்கு வயது பத்தொன்பது.
தாடையில் இரண்டு பரு.
வாரத்துக்கு ஒரு சவரமே தாராளம்.

என் ஜோடி மூப்பர் ஃபோனுவா, டோங்காக்காரன்.
குளியலறை தவிர எங்கேயும்
ஒருவன் கண்ணைவிட்டு இன்னொருவன் அகலக் கூடாது.
மூன்று மாதமாக அவன் குறட்டையின் ஏற்ற இறக்கம் தெரியும்,
தூக்கத்தில் எந்தத் தங்கையோடு சண்டை போடுகிறான் என்பதும் தெரியும்.
முதற்பெயர் தெரியாது.

கதவுகள்.
"வீட்டில் ஆளில்லை" என்கிறார் உள்ளேயிருந்து ஓர் ஆள்.
நாய்கள் மட்டும்தான் ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றன.
செவ்வாயன்று ஒருத்திக்கு இரண்டு மணி நேரம் விறகு பிளந்தோம்.
வேதம் வேண்டாம், விறகு போதும் என்றாள்.
மறுபடி கூப்பிடுகிறேன் என்றாள்,
விறகுக்கு.

வியாழக்கிழமை ஆற்றுச் சந்தை.
எர்மினியா கத்ரிலேயோவின் மீன்பெட்டிகளைப்
படகிலிருந்து சுமந்து தருவோம்.
கூலி வாங்க மாட்டோம் என்றதும் பேரம் பேசினாள்:
பெட்டிக்கு ஒரு வார்த்தை,
உங்கள் கடவுளைப் பற்றி.
அதற்கு மேலே ஒன்றுகூடக் கேட்க மாட்டேன்.

பதினான்கு பெட்டி.
ஃபோனுவா விரல்விட்டு எண்ணி எண்ணிப் பேசினான்.
ஒன்பதாவது வார்த்தையில்
கரையேறிக் கிடந்த கடல்சிங்கம் குரைத்தது.
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

போன வாரம் நான் கொடுத்த துண்டுப்பிரசுரம்
ஒரு மீன்தலையைச் சுற்றிக்கொண்டு
யார் பையிலோ இறங்கிப் போனது.
"யாராவது வீட்டில் படிப்பாங்க, விடு."

தேநீர் நீட்டினாள். குடிப்பதில்லை என்றேன்.
காப்பி?
அதுவும்.
"பின்னே எதைக் குடிச்சு உயிரோட இருக்கீங்க?"
வெந்நீரில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப்போட்டுத் தந்தாள்.
மரத்துப்போன விரல்கள்
ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வந்தன.

"உங்க அம்மாவும் உன்னை மூப்பர்னுதான் கூப்பிடுவாளா?"

இல்லை.

"பின்னே?"

ஓரின், என்றேன்.
பதினோரு மாதமாகச் சொல்லாத சொல்.
யாரோ ஒருவனைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது.

கையில் கத்தியோடு அவள் சிரித்த சிரிப்புக்கு
நாலு கடை திரும்பிப் பார்த்தது.
"எங்க பாஷையில அது மூத்திரம்டா, மகனே!"

காதுமடல் வரை எனக்குப் பற்றிக்கொண்டது.
ஃபோனுவா கடல்சிங்கத்தை வேடிக்கை பார்க்கிறவன்போல்
அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.
தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:
துருவுக்கும் அதே பேர்தான்.
இந்தத் தராசுத் தட்டு, அந்தப் படகு ஆணி,
என் வீட்டுக் கூரைத் தகரம்.
மழை எதையெல்லாம் தொட்டதோ எல்லாம் ஓரின்.
இந்த ஊருக்கு நீ புதுசில்லை, போ.

ஞாயிறு இரவு கணக்கு அனுப்ப வேண்டும்.
பாடம் கேட்டவர்கள்: பூஜ்யம்.
ஞானஸ்நானத் தேதி: ஒரு கோடு.
குறிப்பு என்ற கட்டத்தில்
மீன்பெட்டி பதினான்கு என்று எழுதி
அடித்துவிட்டேன்.
அடித்ததும் தெளிவாகத்தான் தெரிகிறது.

திங்களன்று அம்மா திரையில் வந்தாள்.
கன்று ஈன்ற பசுக்களைச் சொன்னாள்,
எங்கள் பள்ளத்தாக்கில் பனி உருகாததைச் சொன்னாள்.
வாக்கியத்துக்கு ஒரு ஓரின்.
ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சிரிப்பு முட்டியது.
பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று
அவள் கண் கலங்கினாள்.
நான் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது?

பத்தரைக்கு விளக்கணைப்பு.
தகரத்தின்மேல் மழை.
குறட்டை தொடங்க வேண்டிய நேரத்தில்
எதிர்க்கட்டிலிலிருந்து,
"ஓரின்."

என்ன?

வெகுநேரம் சத்தமில்லை.

"என் பேர் சேமிசி.
அதுக்கு இங்கே என்ன அர்த்தம்னு
வியாழக்கிழமை கேக்கணும்."