நீந்திக்கொண்டிருந்திருக்கலாம்

வியாசர்பாடி மாநகராட்சிப் பள்ளியில்
சத்துணவு அரிசி வைக்கும் அறைதான் எங்கள் ஸ்டுடியோ.
மூட்டைகள் எதிரொலியைத் தின்றுவிடும்.
எலிகளைப் பற்றி நிகழ்ச்சியில் பேசுவதில்லை.

ஆறாம் வகுப்பு எஸ்தர்
கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்திருக்கிறாள்.
மைக்குக்கு என் பழைய காலுறையை மாட்டியிருந்தேன்.
"தொவைச்சதா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான்
வாயைக் கிட்டே கொண்டுவந்தாள்.

பாட்காஸ்ட் என்றால் என்னவென்று
தலைமையாசிரியருக்கு மூன்று முறை விளக்கினேன்.
"ரேடியோதானே" என்றார்.
ஆமாம் சார் என்றேன்.
"காதால கேட்டுட்டுப் போற புள்ள
புஸ்தகத்தை எதுக்கும்மா தொறக்கும்?"
என்னிடம் பதில் இல்லை.
சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ரயில்களுக்கு நடுவே பதிவு செய்கிறோம்.
மின்ரயில் என்றால் இருபது நொடி பொறுத்தால் போதும்.
சரக்கு ரயில் வந்தால்
உதடு அசையாமல் எஸ்தர் பெட்டிகளை எண்ணுவாள்.
தண்ணீர் லாரி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்,
குடத்தோடு ஓடிவிடுவாள்.
திரும்பி வரும்போது பாவாடை நனைந்திருக்கும்,
குரலும் கொஞ்சம் மாறியிருக்கும்.

அன்று பதினேழாம் பக்கம்.
வெளிச்சம் எட்டாத ஆழத்தில் ஒரு கிழத் திமிங்கிலம்.
நம் ஊருக்கு ரயிலே வராத காலத்திலும் அது அங்கே
நீந்திக்...
நின்றாள்.
நீந்திக்கொண்...
சொல் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.
நீந்தி என்ற எஞ்சினுக்குப் பின்னால்
கொண்டு, இருந்து, இருக்க என்று
ஒன்றில் ஒன்று மாட்டிய பெட்டிகள்.
விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கடந்தாள்.
கடைசியாக ஒரு 'லாம்'.
மூச்சு விட்டாள்,
ஊசி சிவப்புக்குப் போய்த் திரும்பியது.

இரவு, பெரம்பூரில்,
மின்விசிறியை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.
மௌனத்தை வெட்டுவது என் பிழைப்பு.
நகைக்கடை முதலாளியின் இருமல்,
மனை விற்பவரின் 'வந்து... வந்து...'
எல்லாம் என் குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன.
எஸ்தரின் பதினொரு நொடியையும் தேர்ந்தெடுத்தேன்.
திரையில் நீலமானது. அழித்தேன்.
சொல் வழுக்கிக்கொண்டு போனது,
செய்தி வாசிப்பதுபோல.
பேசியது யாரோ வேறு பெண்.
திரும்பக் கொண்டுவந்தேன்.
கொள்கை என்று ஒன்றுமில்லை. மணி பன்னிரண்டரை,
வியர்வை கழுத்தில் ஊறியது.
அப்படியே ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழையில்,
கண்ணகி நகரிலிருந்து ஒரு வாய்ஸ் நோட்.
அம்மாவின் போனாக இருக்கும், பின்னால் குக்கர் விசில்.
நாங்கள் கொடுத்தனுப்பிய ஐம்பது பிரதிகளில் ஒன்று
மடியில் இருந்திருக்க வேண்டும்,
தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் லோகித், அஞ்சாவது பி.
அந்தப் பொண்ணு நின்னுச்சுல்ல, திமிங்கிலத்துல,
அதே எடத்துல நானும் நின்னேன்.
அது போனதும் நானும் போனேன்.
ஆனா அடுத்த வரில அது மட்டும் வேகமாப் போயிடுச்சு.
இப்ப அது பதினெட்டுல எங்கியோ இருக்கு,
நான் இன்னும் பதினேழுலதான் இருக்கேன்.
கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கக்கா."

எஸ்தருக்குப் போட்டுக் காட்டினேன்.
"பையன் திக்குறான்" என்று சிரித்தாள்.
உடனே நிறுத்திக்கொண்டாள்.
இன்னொரு தடவை போடச் சொன்னாள்.
பிறகு அரிசி மூட்டைமேல் சாய்ந்து
பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து
எங்கெங்கே நிற்பது என்று
பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள்
போடத் தொடங்கினாள்.

வெளியே சரக்கு ரயில்.
இந்த முறை அவள் எண்ணவில்லை.