கடல் மட்டத்துக்கு மேல்

ரோஜா இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில்
காலிப் பெட்டிகளுக்கு நடுவே படுத்து வந்தது.
கோணிச் சாக்கு சுற்றி, ஐந்தடி நீளம்,
ஓர் அங்குலப் பருமன்.
"பாண்டிச்சேரி பார்ட்டி. பாய்மரப் படகாம்.
அடியில போற ராடு" என்றார் டிரைவர்.

ராடு இல்லை, ஷாஃப்ட்.
எஞ்சின் சுற்றுவதைத்
தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோவது.
பாய் இருக்கும்போது எஞ்சின் எதுக்கு
என்றான் திம்மராயன்.
காற்றும் கரண்ட் மாதிரிதான், போகும் என்றேன்.
மூலையில் இருந்த ஜெனரேட்டரைப் பார்த்துத்
தலையாட்டிக்கொண்டான்.

மூக்கண்டப்பள்ளியில் கடலைப் பற்றி
யாருக்கும் அபிப்பிராயம் கிடையாது.
ஓசூர் ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் மட்டும்
அதன் பெயர் இருக்கிறது,
நாங்கள் அதைவிட எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்
உயரத்தில் இருப்பதாக.

போனில் தியோபில்:
"சார் இருக்காங்களாம்மா?"
"நான்தான் சார்."
கொஞ்ச நேரம் லைனில் காற்று மட்டும்.
"எதுல மோதிச்சு?"
"மரக்கட்டை. மிதந்து வந்தது."

இரண்டு வீ-பிளாக்கில் கிடத்தி
டயலின் மூக்கு தொடும்படி வைத்துக்
கையால் சுற்றினேன்.
முள் பூஜ்யத்திலிருந்து கிளம்பி
நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்காமல்
எண்பது வரை ஏறி
மூச்சு வாங்கித் திரும்பியது.
மேட்டில் சாக்பீஸால் ஒரு கோடு.

நுனி கூம்பத் தொடங்கும் இடத்தில்
பச்சையாக ஒரு வளையம்.
பாசி என்று சுரண்டினேன்.
பிளேடில் இழை இழையாக வந்தது.
நைலான், சூட்டில் உருகி
ஸ்டீலைக் கவ்விப் பிடித்திருந்தது.
உருகாமல் தப்பித்த ஓர் ஓரத்தில்
நாலு பக்கமும் கண்ணி விட்டு
ஒரு முடிச்சு.

மரக்கட்டையில் கணு இருக்கும்.
முடிச்சு இருக்காது.

அதை நான் போனில் சொல்லவில்லை.
பிரஸ்ஸில் ஏற்றினோம்.

நேராக்குவது என்றால்
நேரில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை.
நேரைத் தாண்டி
எதிர்ப்பக்கம் கோணலாக்கி விட வேண்டும்.
கையை எடுத்ததும் அது பாதி வழி திரும்பி வரும்.
அந்தப் பாதி எவ்வளவு என்று
எந்த அட்டவணையிலும் கிடையாது.
குறைத்து அழுத்தினால் பழைய வளைவுக்கே போகும்.
கூட அழுத்தினால் நம் கணக்கில் புதிதாக ஒன்று.

எண்பது. ஐம்பத்திரண்டு. முப்பத்தொன்று.
முப்பத்தேழு.
"ஏறிடுச்சுக்கா" என்றான், ஏதோ தான்தான் கெடுத்ததுபோல.
டீ வந்தது. குடித்தோம்.
பத்தொன்பது. எட்டு.
எட்டில் அவன் கைப்பிடியை விட்டுவிட்டான்.
எவனுக்குத் தெரியப்போகுது கடலுக்குள்ள?
தெரியும், டம்ளர் ஆடும், பல் கூசும்,
பேரிங் தின்னும்.
இன்னும் ரெண்டு தடவை.
நாலு.

பில் எழுதினேன்.
ஷாஃப்ட் நேராக்கியது, ஆயிரத்து எண்ணூறு.
லாரி வாடகை தனி.
அதற்குக் கீழே:
பார்ட்டியின் மீதிப் பொருள் ஒன்று,
திருப்பி அனுப்பப்படுகிறது.

வெட்டித் தள்ளிய துண்டோ சுருளோ
பார்ட்டியுடையதை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.
பச்சை முடிச்சைத்
தினசரித் தாளில் மடித்து
ரப்பர் பேண்ட் போட்டு
ஷாஃப்ட்டோடு சேர்த்துக் கட்டினேன்.
ராத்திரி அது ரோஜாக்களுக்கு அடியில் போனது.

ஒன்பதாம் நாள் தியோபில்.
அதிர்வே இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடுது என்றார்.
பணம் போட்டுவிட்டேன் என்றார்.
அப்புறமும் வைக்கவில்லை.
"இருட்டும்மா. மிதவை கண்ணுல படல."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
"அறுத்துட்டு வந்துட்டேன்.
அந்தப் பொட்டலம்... அது எவ்வளவு ஆகும்?"

"இங்க அதுக்கு ரேட் இல்ல சார்.
கரையில கேளுங்க."

திம்மராயன் ஒரு டிராக்டர் ஆக்சிலை
வீ-பிளாக்கில் ஏற்றியிருந்தான்.
சாக்பீஸ் எங்கக்கா என்றான்.
என் கையில்தான் இருந்தது.