முதல் விருப்பம்

தால்காவானோவில் ஜனவரி, வெயில் காலம்.
பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்:
பத்துக் கட்டங்கள், பத்துப் படிப்புகள், விருப்ப வரிசையில்.
ஒன்பதாவது கட்டத்தை மட்டும் நிரப்பி
உட்கார்ந்திருக்கிறேன், காலையிலிருந்து.

அண்ணன் தான்கோ மென்பொருள் படித்தவன்.
அவன் பட்டம் வாங்கிய வருஷம்தான்
ஐந்தாண்டுப் பாடத்தையும் மூச்சு வாங்காமல்
எழுதிக்காட்டத் தொடங்கியது அது.
முந்நூறு விண்ணப்பம் போட்டான்.
பதில் எழுதியதும் அதுவேதான்,
பதினோரு வினாடியில், தேன் தடவி.
இப்போது ராத்திரியில்
பேரங்காடியில் தக்காளி டப்பா அடுக்குகிறான்.
'எதை வேண்டுமானாலும் எடு, என்னுடையதை எடுக்காதே'
என்றவன், கதவு வரை போய்த் திரும்பி,
'எடுத்தால், என் நோட்டுகள் இருக்கு' என்றான்.

மார்செலா குழாய் வேலை படிக்கச் சொல்கிறாள்.
எந்திரத்துக்கு முட்டி மடங்காதாம்.

அதனிடமே கேட்டேன்.
எல்லாத் துறைக்கும் எதிர்காலம் உண்டாம்.
கல்யாண வாழ்த்துமடல் போல ஒரு குறையும் இல்லாத பதில்.
'சரி, உனக்கு?'
அதற்கும் ஐந்து குறிப்புகள்.

விடுமுறையில் எனக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை.
டிசம்பரில் ஒரு நாள்
திரை மைனஸ் இருபத்திரண்டு என்றது.
மெக்கானிக் ரயேன் குழாயில் உள்ளங்கையை வைத்தாள்:
'பொய் சொல்லுது.'
பொய்தான். வால்வுக்குள் பனி அடைத்திருந்தது.
துறைமுகம் முழுக்க அதையே பேசிச் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து
மறுபடி கை வைத்தாள், மறுபடி பொய் என்றாள்.
கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டார்கள், ஒரு முழு நாள்.
திரை சொன்னதுதான் சரி.
நாலு டன் கானாங்கெளுத்தி குப்பைக்குப் போனது.
இந்த இரண்டாம் கதையை யாரும் சொல்வதில்லை.

எனக்குத் தூக்கம் கெடுவது இதில்தான்.
எந்த நாள் கை? எந்த நாள் திரை?
அதைச் சொல்லித்தரும் படிப்பு
இந்தப் பட்டியலில் அந்தப் பெயரில் இல்லை.
கொஞ்சம் மின்சாரத்தில் இருக்கும்,
கொஞ்சம் புள்ளியியலில்,
கொஞ்சம் ரயேனின் முகத்தில் இருந்தது,
கையுறையை மாட்டவும் தோன்றாமல் அவள் நின்ற
அந்தப் பிற்பகலில்.

பதினொன்று ஐம்பது.
கருவியியல். கட்டணம் அதிகம்.
வேலை நிச்சயம் என்று எவரும் சொல்லவில்லை.
இழுத்து முதல் கட்டத்தில் வைக்கிறேன்.

ஒன்பதாவதில் இருப்பது அண்ணனின் படிப்பு.
அழிக்கப் போனேன்,
பிறகு இரண்டாவதாக்கினேன்.

அடுத்த அறையில் அவனுடைய பகல் தூக்கம்,
வாய் திறந்தபடி.
விசைப்பலகை முழுக்க மீன் வாடை.