மாட்டுக்கு எழுதிய நெல்

கடை திறக்க இன்னும் நாற்பது நிமிடம்.
கையில் விலைச்சீட்டுக் கட்டு.
பழைய சீட்டை உரித்தால்
அதன் கீழே இன்னொன்று,
அதற்கும் கீழே ஒன்று.
வெங்காயம் மாதிரி.
கண் கரிக்கிறதா என்று கேட்காதீர்கள்,
மணிக்கணக்குச் சம்பளத்துக்கு உரிக்கிறேன்.

"குடும்பத்துக்கு ஒரு மூட்டை மட்டும்."
எழுதியது என் கைதான்.
நேற்று ஒருவர் கேட்டார்:
தனியாள் குடும்பமா, இல்லையா?
மேலாளரைக் கூப்பிடப் போனேன்.
திரும்பி வருவதற்குள்
ஒரு கட்டு உடோனோடு போய்விட்டார்.

கீழ்த்தட்டில் கலிபோர்னியா அரிசி.
துறைமுகத்தில் கிலோவுக்கு இத்தனை யென் என்று
சுங்கம் கட்டிய களைப்போடு நிற்கிறது.
அப்படியும் நம்மூர் அரிசியைவிட
விரற்கடை மலிவு.
ஒருத்தி எடுத்தாள், வைத்தாள்,
மறுபடி எடுத்தாள்.
பெயர் கீழே போகும்படி
கூடையில் கவிழ்த்துக்கொண்டாள்.

அகிதாவில் என் அண்ணன் மொரியுக்கி.
நான்கு ஹெக்டேர்.
"இந்த வருஷம்தான் சிஸுரு,
அறுவடை எந்திரத்தின் தவணையைச்
சங்கத்துக்காரன் கேட்குமுன்னே கட்டினேன்."
இருபது வருடமாய் நான் கேட்காத குரல்.
மனம் நிறைந்தது.
நிறைந்த அதே மூச்சில்
என் அரிசி டப்பாவை ஆட்டிப் பார்த்தேன்.
இரண்டு பேரும் நான்தான்.

நாலில் இரண்டு ஹெக்டேரில்
அவன் நடுவது மாட்டுத் தீவன நெல்.
மனிதர் தின்னும் நெல் பெருகினால் விலை சரியும்,
விலை சரிந்தால் சங்கம் முகம் கறுக்கும்,
சங்கம் முகம் கறுத்தால்
தேர்தல் வேன்கள் அந்தப் பக்கம் போக முடியாது.
ஆகவே மாட்டுக்கு விதைப்பவனுக்கு மானியம்.
மானியம் என் சம்பளச்சீட்டில்
மூன்றாவது வரியிலிருந்து போகிறது.
ஒரு மூட்டைக்கு இரண்டு தரம் காசு:
விளையாமல் இருக்க ஒரு தரம்,
விளைந்ததை வாங்க ஒரு தரம்.

போன மாதம் கேட்டேவிட்டேன்.
"அண்ணா, அந்தத் தீவன நெல்லில்
ஒரு மூட்டை அனுப்பேன்.
ருசியெல்லாம் வேண்டாம்.
மிஃபுயு வளர்கிற பிள்ளை,
காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி."

அந்த முனையில்
பனி வாரும் வண்டி ஒன்று
தெருவைச் சுரண்டிக்கொண்டு போய் முடிந்தது.

"அது மாட்டுக்கு எழுதியாயிற்று.
எடை போட்டு, முத்திரை வைத்து.
உனக்குத் தந்தால் குற்றம்."
"மாட்டுக்கா தெரியப்போகிறது?"
"மாட்டுக்குத் தெரியாது.
அலுவலகத்துக்குத் தெரியும்."

சிரித்தோம்.

"வீட்டுக்கு வைத்ததில் கொஞ்சம்…"
"அதையும் விற்றுவிட்டேன்.
இந்த விலை இன்னொரு தரம் வருமா, சொல்?
நாங்களே இப்போது
கடையில்தான் வாங்குகிறோம்."
பிறகு அவன் வானிலை சொன்னான்.
நானும் வானிலை சொன்னேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள்.
இந்த வேலி மேயவில்லை.
கண்ணும் கருத்துமாகக் காக்கிறது,
பயிரை, என்னிடமிருந்து.
அண்ணனைத் திட்ட வாய் வரவில்லை;
அவனுக்கு அறுபத்தெட்டு,
அவன் வயலுக்குப் பின்னால் யாரும் இல்லை,
வேலி மட்டும் இருக்கிறது.

இறைச்சிப் பகுதியில் பொன்னிறச் சீட்டு ஒன்று:
"அரிசி உண்டு வளர்ந்த மாடு."
நேற்று ராத்திரி எட்டு மணிக்கு
அதன்மேல் பாதிவிலை ஒட்டினேன்,
ஒரு பொட்டலத்தை எனக்கென்று ஒதுக்கினேன்.
வீட்டில் சட்டி புகைந்தது.
மிஃபுயு குச்சியை நிமிர்த்திப் பிடித்தபடி,
"இதுக்குச் சோறு எங்கேம்மா?"

மணி ஒன்பது.
கடைசிச் சீட்டைக் கட்டைவிரலால் தேய்க்கிறேன்,
ஓரம் மட்டும் ஒட்டாமல் எழும்புகிறது.
ஷட்டர் மேலேறுகிறது.
அலமாரியில் பன்னிரண்டு மூட்டை.
வெளியே நிற்கும் கால்களைப்
பதினேழு ஜோடி வரை எண்ணினேன்.