பதினெட்டு வெள்ளி பதினெட்டு காசு

ஊத்தான் மெலிந்தாங் கடைவீதியில்
என் கல்லாப்பெட்டிக்கு இப்போது வேலை இல்லை.
ரஃபிகுல் கைப்பேசியை நீட்டுகிறான்.
சதுரக் கட்டத்தைப் பார்த்து அது கூவுகிறது.
அரிசியும் நெத்திலியும் கைமாறுகின்றன.
பணமும் மாறிவிட்டதாக நம்புகிறோம்.

பெட்டியில் கிடப்பவை:
ரப்பர் வளையங்கள், மை வற்றிய பேனா,
ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரத் தாள் ஒன்று.
குலை தள்ளிய வாழை. வரிசை எண்கூட இல்லை.
கடைசி நாட்களில் ஒரு மூட்டைத் தாளுக்கு
ஒரு மரவள்ளிக்கிழங்கு வரவில்லையாம்.
அப்புறம் ஒரு காசு நாணயங்கள், பதின்மூன்று.
அவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.
இப்போது எந்தக் கணக்கையும் ஐந்துக்கு உருட்டுகிறோம்,
மேலேயோ கீழேயோ.

ஆலையின் எடைமேடையில் செம்பனைக் குலைக்கு
நாளுக்கு ஒரு விலை.
எங்கோ சோயா நன்றாக விளைந்தால்
இங்கே மருதாயி மீன் வாங்குவதில்லை.
செம்பனை இருபத்தைந்து வருஷம் காய்க்கும்,
பிறகு அரிவாளுக்கு எட்டாது,
நஞ்சு ஏற்றிச் சாய்ப்பார்கள்.
என் கடைக்கடனின் வட்டிக்கு மட்டும்
கிழடு தட்டவே இல்லை.

அதனால்தான் கூட்டு.
பன்னிரண்டு பேர், மாதம் இருநூறு வெள்ளி,
மைலோ டின்னில் குலுக்கிய சீட்டு.
சட்டப்படி குற்றம். தெரியும்.
ஒன்பதாவது முறை போலீஸ்காரர் வீட்டம்மாவுக்கு.
இதற்கு மட்டும் ரொக்கம்தான்,
கைப்பேசி எதையும் மறக்காது.
போட்டதுதான் வரும்.
வருஷம் முடிந்தால் கணக்கு பூஜ்யம்,
எதுவும் வளர்ந்திருக்காது,
ஒருத்தி கூரை மாற்றியிருப்பாள்.

இந்த வருஷம் இரண்டாம் முறை எடுத்த இன்னாசியம்மாள்
ஐந்தாம் மாதம் ஜொகூருக்குப் போய்விட்டாள்.
கைப்பேசி அணைந்துவிட்டது.
பதினொரு பேர் கடைக்குப் பின்னால் கூடித் திட்டினோம்,
போலீஸ்காரர் வீட்டம்மா எல்லாரையும்விட நன்றாக.
திட்டி முடித்ததும் மருதாயி வகுத்தாள்:
இருநூறு, பதினொன்றால்.
பதினெட்டு வெள்ளி பதினெட்டு காசு.
அதற்கப்புறமும்
பதினெட்டு பதினெட்டாய் நிற்காமல் ஓடியது.

உருட்டினோம். பதினெட்டு இருபது.

டின்னில் இருபது காசு மிஞ்சியது.
எவளும் தொடவில்லை.
கல்லாப்பெட்டியைத் திறந்து
வாழைமரத் தாள்மேல் வைத்தேன்,
மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க.

இப்படியே போனால் வருஷக் கடைசியில்
ஒரு வெள்ளி அறுபது.
எங்கள் கூட்டில் முதல் தடவையாக
ஏதோ வளர்கிறது.
ஒரு தே தாரிக்குக்குக் காணாது.